குழந்தை வரைக்கும் போகுமா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் நீ கேட்டதற்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். அங்கே அமெரிக்காவில் பாக்கெட் கறியில் லிஸ்டீரியா கிருமியைக் கொல்ல வைரஸைத் தெளிக்கிறார்களாமே, அது நஞ்சுக்கொடியைத் தாண்டி உன் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் போய்விடுமா என்று கேட்டாய்.

தெளிப்பது உண்மைதான். 2006-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அந்த வைரஸுக்குப் பெயர் பாக்டீரியோஃபேஜ். நாங்கள் ஃபேஜ் என்போம். பாக்டீரியாவை மட்டுமே பிடிக்கும். லிஸ்டீரியாவைப் பிடிக்கும் ஃபேஜ், ஈ.கோலை என்ற வேறு பாக்டீரியாவைச் சீண்டாது. நம் செல்லுக்குள் போனாலும் அதற்கு அங்கே பெருகத் தெரியாது.

அந்தக் கறியை நீ தொடாவிட்டாலும் ஃபேஜ் உன்னை விட்டுப் போகாது. குடலில் பாக்டீரியா இருக்கும் இடமெல்லாம் அதுவும் இருக்கிறது. 2017-இல் சான் டியாகோவில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல் அடுக்கின் ஒரு பக்கம் ஃபேஜை விட்டு, மறுபக்கம் வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது. செல் அதை விழுங்கி அந்தப் பக்கம் கக்கிவிடுகிறது. அதை வைத்து, ஒரு மனித உடம்பு தினமும் சுமார் 3,100 கோடி ஃபேஜைக் குடலிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று கணக்குப் போட்டார்கள். கணக்குதான், யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. உள்ளே வந்ததையும் கல்லீரலும் மண்ணீரலும் சீக்கிரமே பிடித்து அழித்துவிடும்.

சரி, மிச்சம் மீதி குழந்தைக்குப் போகுமா? எலியில் போயிருக்கிறது. 2004-இல் சினை எலிகளுக்கு டி7 என்ற ஃபேஜைச் செலுத்தி, வயிற்றிலிருந்த குட்டிகளில் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே, 1998-இல், எம்13 ஃபேஜின் டி.என்.ஏ.வைச் சினை எலிகளுக்குத் தின்னக் கொடுத்த ஜெர்மனிக்காரர்கள், குட்டிகளின் சில செல்களில் அதன் துண்டுகளைப் பார்த்தார்கள். அது வெறும் டி.என்.ஏ., முழு ஃபேஜ் அல்ல. நீ படித்துப் பயந்தது இந்த மாதிரி ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் எலியில் நடந்தது மனுஷிக்கும் நடக்கும் என்று ஒரு மாட்டு டாக்டரிடம் சொல்லாதே. நஞ்சுக்கொடி அளவுக்கு உயிருக்கு உயிர் மாறுகிற உறுப்பு வேறு இல்லை. சர்வீஸில் இருந்தபோது விழாமல் நின்ற எத்தனையோ நஞ்சுக்கொடிகளைக் கைவிட்டு எடுத்திருக்கிறேன். மாட்டின் கருப்பைச் சுவரில் நூறு குமிழ் போல இருக்கும். கன்றின் பக்கத்துச் சவ்வு ஒவ்வொன்றிலும் பட்டன் போட்டது போலக் கவ்விக்கொண்டிருக்கும். தோள் வரை கையை விட்டு, ஒவ்வொன்றாக விரலால் கழற்ற வேண்டும். (இப்போது அப்படி இழுக்கக் கூடாது என்கிறார்கள், அதுவும் சரிதான்.) அங்கே தாய் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவில் ஆறு அடுக்கு. நோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகூடத் தாண்டாது; கன்றுக்கு அது சீம்பாலில்தான் கிடைக்கும். அதனால்தான் கன்று விழுந்தவுடன் சீம்பால் கொடு, சீம்பால் கொடு என்று ஊர் ஊராகக் கத்திக்கொண்டிருந்தேன்.

உனக்கு அப்படி இல்லை. உன் ரத்தம் நேராக நஞ்சுக்கொடியின் விரல்களை நனைக்கிறது. அந்த விரல்களின் மேல்தோல், செல்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோன ஒரே விரிப்பு. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் சந்து கிடையாது. அந்த விரிப்பே தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. உன் ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியை அப்படித்தான் ஆள் வைத்துத் தூக்கிப் போகிறது, ஐ.ஜி.எம். என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியை விடுவதில்லை. எலிக்கோ அந்த இடத்தில் மூன்று அடுக்கு. போதாததற்கு கருவோடு ஒட்டிய மஞ்சள்கருப் பை எலியில் பிரசவம் வரை வேலை செய்து, சுற்றியிருப்பதை உறிஞ்சிக் குட்டிக்குக் கொடுக்கிறது. உனக்கு அது ஆரம்ப வாரங்களோடு சரி.

எனக்கு நம்பிக்கை தருவது பிறந்த குழந்தையின் முதல் மலம், அந்தக் கறுப்பு மலம். 2008-இல் ஒரு குழந்தையுடையதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது வைரஸ் துகளே தெரியவில்லை. ஒரே வாரத்தில் கிராமுக்குப் பத்துக் கோடி! 2020-இல் பென்சில்வேனியாவில் நிறையக் குழந்தைகளிடம் பார்த்தபோதும் ஏறக்குறைய இதே கதை. ஒரு மாதத்தில் தெரிந்தவை பெரும்பாலும் குழந்தையின் குடலில் முதலில் குடியேறிய பாக்டீரியாக்களுக்குள்ளிருந்து வெளிவந்த ஃபேஜ்கள். தாய் வயிற்றிலேயே ஃபேஜ் கூட்டமாக வந்து சேர்ந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஒன்றிரண்டு வழிதவறிப் போகலாம், நான் மறுக்கவில்லை. போனாலும் பிடிக்கப் பாக்டீரியா இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்?

நீ பயப்பட வேண்டியது அந்த வைரஸுக்கு அல்ல, அது கொல்ல வந்த லிஸ்டீரியாவுக்கு. அது நஞ்சுக்கொடியைத் தாண்டும். ஆட்டுப் பட்டிகளில் அதனால் குட்டி வீசுவதுண்டு. மனிதர்களிலும் கரு கலைகிறது, குழந்தை இறந்து பிறக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் வளரும் கிருமி அது. அதனால் பாக்கெட் கறியை அப்படியே ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடாதே. ஆவி பறக்கச் சூடு பண்ணு. காய்ச்சாத பாலில் செய்த சீஸ் வேண்டாம். காய்ச்சல் வந்தால் சளிக்காய்ச்சல்தானே என்று இருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடு. மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

அம்மா விசா பேப்பரையெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். கூடவே பருப்புப் பொடி, பூண்டு ஊறுகாய், சுண்டைக்காய் வற்றல். அவள் வந்து இறங்கிய பிறகு உன் ஃபிரிட்ஜில் பாக்கெட் கறிக்கு இடம் இருக்காது.

அன்புடன்,
அப்பா