தம்பிக்கு, சின்ன அறையின் கூரை பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது பரவாயில்லை. சித்தப்பா வீட்டுப் பசு கன்று போட்டிருக்கிறது. மற்ற சேதியெல்லாம் பிறகு.

போன ஞாயிறு வீடியோவில் பேசினாயே, நீ சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. உன் தலைக்கு மேலிருந்த கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் பழுப்பு வளையம், அதன் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. பெயின்ட் செதில் செதிலாக உரிந்து உன் தலையணை மேல் கிடந்தது. கொஞ்ச நாளாகவே நீ அந்த அறையிலிருந்துதான் பேசுகிறாய். அது சாமான் போடும் அறை அல்லவா, அங்கே கட்டில் எப்போது வந்தது? ஓதம் ஏறிய அறை உன் மூச்சுக்கு ஆகாது. பெரிய அறையில் போய்ப் படு.

கீழேயிருந்து பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம் என்று நினைக்காதே. கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்றும் இல்லை. தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி, தளத்துக்குள்ளேயே ஓடி, வேறோர் இடத்தில் சொட்டும். மொட்டைமாடியைக் கூட்டிக் கழுவிவிட்டு, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைக் குனிந்து பார். பெரும்பாலும் அங்கேதான் வெடிப்பு விட்டிருக்கும். மழைநீர்க் குழாயின் வாயையும் பார்.

அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. மாடித் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடிப்போம். அடித்த கட்டை எகிற வேண்டும், அதுவரை மேஸ்திரி எழுந்திருக்க விடமாட்டார். அதன் மேல் தட்டையான சுட்ட ஓடு, அதுதான் தட்டோடு, பதிப்பார்கள். நான் அடித்த மாடிகளில் இன்றும் ஒழுகாதவை இருக்கின்றன. அந்தக் கூலியும் சேர்ந்துதான் உன் கல்லூரிக் கட்டணம். ஊரில் யார் கேட்டாலும் என் பிள்ளை சென்னையில் சொந்த வீடு வாங்கியிருக்கிறான் என்றுதான் சொல்கிறேன். வாங்கியவன் ஒரு நாள் மாடி ஏறிப் பார்த்திருக்கக் கூடாதா?

வெடிப்பின் மேல் அப்படியே பூசவிடாதே. உளியால் அகலப்படுத்தி, தூசி போக்கி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். மூலையைச் சரிவாக உருட்டிப் பூச வேண்டும். அதன் பிறகுதான் வாட்டர்புரூஃப் பூச்சு. ஒரு கை குறுக்கே, அது காய்ந்ததும் மறு கை நெடுக்கே. கைப்பிடிச் சுவரிலும் ஓரடி ஏற்றி அடிக்க வேண்டும். தளம் ஈரமாக இருந்தால் பூச்சு கொப்புளம் போட்டு உரிந்துவிடும், அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டும். தளத்தின் வாட்டம், அதாவது சரிவு, சரியில்லாமல் தண்ணீர் தேங்கினால் எந்தப் பூச்சும் நிற்காது. பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது குழாய்ப் பக்கம் சரிய வேண்டும். எல்லாம் முடிந்ததும் குழாய் வாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்காமல் முழுக் கூலியையும் கொடுத்துவிடாதே. அதுவரையாவது பெரிய அறையில் படு.

பால்கனியையும் விட்டுவிடாதே. அதன் தரை அறையின் தரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். வெளி விளிம்பின் அடியில் நெடுக ஒரு காடி, சின்னப் பள்ளம் மாதிரி, இருக்கிறதா என்று பார். அது இல்லாவிட்டால் மழைநீர் சொட்டி விழாமல் அடிப்பக்கமாகவே ஊர்ந்து உள்ளே வரும். அந்தத் தண்ணீர் தளத்துக்குள் இருக்கும் கம்பிக்குப் போய்ச் சேர்ந்தால் கம்பி துருவேறிப் பருத்து, சிமென்ட்டைப் பெயர்த்துத் தள்ளிவிடும். நீ போனைத் திருப்பியபோது அங்கிருந்த தொட்டிகளைப் பார்த்தேன். செடியெல்லாம் வாடிக் கிடந்தன. மருமகள் ஒரு நாளும் தண்ணீர் விடாமல் இருக்க மாட்டாளே.

நம் மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். புரட்டாசி பிறப்பதற்குள் அவரை அழைத்துக்கொண்டு வருகிறேன். வேலை முடியும்வரை நானும் அங்கேயே இருந்து சமைத்துப் போடுகிறேன். எனக்கு அந்தச் சின்ன அறையே போதும், கட்டிலை அங்கேயே விட்டு வை. எந்த வாரம் தோதுப்படும் என்று மருமகளிடம் கேட்டு எழுது. நீ கேட்கத் தயங்கினால் சொல், அவளிடம் நானே பேசுகிறேன்.

அம்மா