பொங்கலுக்கு வரவிருக்கும் மகளுக்கு

திருச்சிராப்பள்ளி

அன்புள்ள கயல்விழிக்கு,

நலம், நலமறிய ஆவல். டிசம்பர் 20 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு ஜனவரி முதல் வாரத்தில் திரும்பலாம் என்று பார்த்தால் டிக்கெட் விலை மலைக்க வைக்கிறது, இந்த முறையும் வர முடியாது போலிருக்கிறது என்று நீ தொலைபேசியில் சொன்னாய். கண்டோன்மென்ட்டில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் போடும் வேலை பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். ஊருக்கெல்லாம் கணக்குப் பார்த்துக் கொடுத்தவள் உனக்குச் சொல்லாமல் இருக்கலாமா என்று தோன்றியதால், பேச்சில் விட்டுப்போகாமல் இருக்க இதை எழுத்திலேயே அனுப்புகிறேன்.

முதலில் தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற உபாயங்கள் எல்லாம் சேர்ந்து மிச்சப்படுத்துவதைவிடத் தேதி ஒன்றே அதிகம் மிச்சப்படுத்தும். அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு டிசம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் வரை பெருங்கூட்டம் வருகிறது. அதே கூட்டம் புத்தாண்டு முடிந்ததும் இங்கிருந்து அங்கே திரும்புகிறது. நீ பார்த்த தேதிகள் இரண்டும் அந்தக் கூட்டத்தோடு போய் அந்தக் கூட்டத்தோடு திரும்பும் தேதிகள். மே நடுவிலிருந்து ஆகஸ்ட் வரையிலும் இதே கதைதான், அது அங்குள்ள பள்ளி விடுமுறைக் காலம். ஆனால் பாப்பா இன்னும் பள்ளிக்கே போகவில்லையே, நீங்கள் ஏன் பள்ளி விடுமுறைக்காரர்களோடு போட்டி போட வேண்டும்? ஜனவரி 8, 9 தேதிகளில் புறப்பட்டால் கூட்டம் போகும் திசைக்கு எதிர்த்திசையில் வருவீர்கள், பொங்கலுக்கும் வந்து சேர்ந்துவிடலாம். பிப்ரவரியில் திரும்பினால் அந்தப் பக்கமும் நெரிசல் தணிந்திருக்கும். ஒன்றை மட்டும் கவனி: சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக வருவதென்றால் சீனப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் அந்த வழிகள் நிரம்பி விலை ஏறிவிடும், அது ஆண்டுக்கு ஆண்டு மாறி ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும், ஆகவே நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் தேதியை வை. மாப்பிள்ளையின் அலுவலகம் கிறிஸ்துமஸை ஒட்டி மூடுவதால் விடுப்பு மிச்சமாகும் என்று நீ சொன்னதும் நியாயம்தான். இங்கிருந்தே சில நாள் வேலை பார்க்க அவர்கள் அனுமதித்தால் அந்த விடுப்பை ஈடுகட்டலாம்; ஆனால் குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம், அவர் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். அதை நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள்.

ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்காரர்கள் ஏன் வெவ்வேறு விலை கொடுக்கிறார்கள் என்பது தெரிந்தால் தேடுவது எளிதாகும். 1977இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 'சூப்பர் சேவர்' என்ற பெயரில், முன்கூட்டியே வாங்க வேண்டும், சில நாள்களாவது தங்கித் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனைகளோடு மலிவுக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. அவசரமாகப் போய்வரும் வியாபாரிகள் அந்த நிபந்தனைக்குள் அடங்க மாட்டார்கள், குடும்பத்தோடு போகிறவர்கள் அடங்குவார்கள் என்பது அதன் சூட்சுமம். மறு ஆண்டே அந்நாட்டில் விமானக் கட்டணத்தின் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் வந்தது. 1985இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு நிறுவனத்தைச் சமாளிக்க, ஒவ்வொரு விமானத்திலும் எத்தனை இருக்கைகளை மலிவாக விற்கலாம் என்பதைக் கணினியில் கணக்கிட்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் களத்தில் இறங்கியது. இரண்டே ஆண்டுகளில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் காணாமற்போனது. இன்று எக்கானமி வகுப்பு ஒன்றுக்குள்ளேயே பல கட்டண வகுப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. கடைசி மலிவு எழுத்தில் இரண்டு இருக்கைகள்தான் மிச்சம் என்னும்போது மூன்று பேருக்குத் தேடினால், பெரும்பாலும் மூவருக்குமே அடுத்த விலையைத்தான் காட்டும். நாங்கள் அலுவலகத்தில் இதற்காகவே முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்ப்போம். நம் ரயில்வே 2016 முதல் ராஜதானி, சதாப்தி வண்டிகளில் பத்து விழுக்காடு இடங்கள் விற்றுத் தீரும்போதெல்லாம் அடிப்படைக் கட்டணத்தைப் பத்து விழுக்காடு ஏற்றியது நினைவிருக்கும். விமானத்தில் அது ஏறவும் செய்யும், இருக்கை விற்காவிட்டால் இறங்கவும் செய்யும். மற்றபடி, செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு, ஒரே வழியைப் பலமுறை தேடினால் கணினி கண்டுபிடித்து விலையை ஏற்றிவிடும் என்பன போன்ற பேச்சுகளுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் கிழமைதான் முக்கியம். வார நடுவில் புறப்படுவது பெரும்பாலும் மலிவு.

அடுத்தது வழி. அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, லண்டன், பிராங்க்பர்ட், ஹாங்காங் என்று எங்காவது மாற வேண்டும். அவற்றில் பல சென்னையில் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ இறங்கும்; அதற்குப் பிறகு திருச்சிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் இருக்கிறது. எழும்பூரில் ரயிலுக்குக் காத்திருப்பதோ, கைக்குழந்தையோடு காரில் வருவதோ, இரண்டுக்குமான செலவையும் அலைச்சலையும் டிக்கெட் விலையோடு கூட்டிப் பார்க்காமல் சென்னை மலிவு என்று சொல்லாதே. உனக்கு என் மனதில் படுவது சிங்கப்பூர் வழி. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூருக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நேராகப் பறக்கிறது, அங்கிருந்து அதன் துணை நிறுவனமான ஸ்கூட் சுமார் நான்கு மணி நேரத்தில் திருச்சிக்குக் கொண்டுவந்து விடும்.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து திருச்சிக்கு வேறொரு டிக்கெட் என்று பிரித்து வாங்கினால் சில சமயம் விலை குறைவாகத் தெரியும். ஆனால் ஒரே டிக்கெட்டாக வாங்கினால் ஆளுக்கு 23 கிலோ பெட்டிகள் இரண்டு திருச்சி வரை தானாக வந்து சேரும், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால் மாற்று ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. பிரித்து வாங்கினால் மலிவு விமானத்தில் லக்கேஜுக்குத் தனிக் கட்டணம், சிங்கப்பூரில் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு விசா கேட்கலாம், தாமதம் என்றால் நம் கைப்பணம் போகும். டெல்லி, மும்பை வழியாக வருவதிலும் இதே சங்கதிதான்: உள்நாட்டு விமானத்துக்கு வழக்கமான அளவு 15 கிலோ, வெளிநாட்டு டிக்கெட்டோடு ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில், இருந்தால் பெரிய அளவே செல்லும், தனியாக வாங்கினால் அந்த 15தான். நீ பேத்தியின் சாமான்களோடு எத்தனை பெட்டி கொண்டுவருவாய் என்று எனக்குத் தெரியாதா?

தேடுவதற்குக் கூகுள் ஃபிளைட்ஸ் போதும். புறப்படும் இடத்தில் சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே, ஓக்லண்ட் மூன்றையும், இறங்கும் இடத்தில் திருச்சியோடு சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூரையும் சேர்த்துப் போடு; தேதிக் கட்டத்தைத் திறந்தால் புறப்படும் நாளும் திரும்பும் நாளும் நகர நகர விலை எப்படி மாறுகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விலை மாறினால் மின்னஞ்சல் வருமாறும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே பார்த்ததை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போய் வாங்கு. புறப்பாட்டுக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது அமெரிக்காவில் நேரடியாக வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் அந்த விலையை 24 மணி நேரம் நிறுத்தி வைக்கவோ விமான நிறுவனங்கள் இடம் தர வேண்டும் என்பது அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் விதி. எனவே நல்ல விலை கண்ணில் பட்டால் மாப்பிள்ளை மாலையில் வரட்டும் என்று காத்திராதே; எடுத்துவிட்டு, பிறகு கலந்து பேசு.

பெயர் தெரியாத ஏஜென்சிகள் பத்து இருபது டாலர் குறைத்துக் காட்டும். விமான நேரம் மாறினால் நிறுவனத்தைக் கேட்டால் ஏஜென்சியிடம் போ என்பார்கள், ஏஜென்சி தொலைபேசியை எடுக்காது. நானே ஏஜென்சியில் இருந்தவள் இப்படிச் சொல்வது உனக்குச் சிரிப்பாக இருக்கலாம்; எங்களிடம் வந்து சத்தம் போட ஒரு மேசையாவது இருந்தது. இன்னொரு தந்திரமும் காதில் விழும்: வேறு ஊருக்கு டிக்கெட் வாங்கி நடுவில் இறங்கிக்கொள்வது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இப்படிப்பட்ட டிக்கெட்டுகளைக் காட்டும் ஸ்கிப்லாக்டு தளத்தின் மீது 2023இல் வழக்கே போட்டது. பெட்டியோடு வருகிறவர்களுக்கு இது ஆகவே ஆகாது, பெட்டி கடைசி ஊருக்குப் போய்விடும். ஒரு பகுதியில் ஏறாவிட்டால் மீதிப் பகுதிகள் அத்தனையும் ரத்தாகும், திரும்பும் பயணம் உட்பட.

பாப்பாவின் கணக்கு தனி. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மடியில் வைத்துக்கொள்ளும் டிக்கெட், வெளிநாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்து விழுக்காடும் வரிகளும்தான். இரண்டு நிரம்பிவிட்டால் தனி இருக்கை வாங்க வேண்டும், சிறுவர் கட்டணம் பெரியவர் கட்டணத்தில் முக்கால் பங்குக்குக் குறையாது என்று வைத்துக்கொள். வயதை டிக்கெட் வாங்கும் நாளில் பார்ப்பதில்லை, பறக்கும் நாளில் பார்ப்பார்கள். அவளுக்கு மார்ச்சில் இரண்டு நிறைகிறது; பிப்ரவரிக்குள் திரும்பினால் இரண்டு பக்கமும் கைக்குழந்தைக் கட்டணமே செல்லும், கோடைக்குத் தள்ளினால் செல்லாது. ஆனால் பதினாறு மணி நேரம் அவளை மடியில் வைத்திருக்க முடியுமா என்பதையும் யோசி. விமானத்தில் கைக்குழந்தைக்குத் தரும் தொட்டிலில் அவள் இனிக் கொள்ள மாட்டாள். சிங்கப்பூர் வரையிலான நீண்ட பகுதிக்காகவாவது இருக்கை வாங்க மனமிருந்தால் வாங்கிவிடு, தேதி மாற்றியதில் மிச்சமான பணம் அதற்கு உதவும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை அவளுக்கு வந்துவிட்டதா? அது கையில் இல்லாமல் டிக்கெட் எடுக்காதே.

கிரெடிட் கார்டில் சேர்ந்த புள்ளிகளை விமான நிறுவனத்தின் மைல்களாக மாற்றி அவற்றைக் கொண்டு டிக்கெட் எடுக்கலாம். ஆனால் விலை குறைந்த ஜனவரியில் அவற்றைச் செலவழிக்காமல், அவசரத்துக்குக் கடைசி நேரத்தில் ஓடிவர வேண்டிய நாளுக்காக எடுத்து வை.

மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர்தான் குடும்பப் பெயராக இருக்கிறது. டிக்கெட்டிலும் அதே வரிசையில், இனிஷியலாகச் சுருக்காமல் முழுமையாக எழுது. பின்னர் திருத்தக் கட்டணம் கேட்பார்கள். பணம் கட்டியதும் ஆறு எழுத்து பிஎன்ஆர் வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதே. அது பதிவு மட்டும்தான். 13 இலக்க டிக்கெட் எண் வந்தால்தான் டிக்கெட் உண்மையில் போடப்பட்டது என்று பொருள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் டிக்கெட் என்றால் அது 618 என்று தொடங்கும். பாப்பாவுக்கும் தனி எண் இருக்க வேண்டும். மூன்று எண்களையும் எனக்கு அனுப்பு, ஒருமுறை சரிபார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா