மாதிரி மதகு முடிய இன்னும் 88,500 ரூபாய்: ஏரிப் பாடத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், வெளியூரில் இருக்கும் நம் பள்ளியின் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

நம் பள்ளியின் ஏரிப் பாடத்துக்காகக் கட்டும் மாதிரி மதகு புரட்டாசி முடிவதற்குள் நின்றாக வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் பூச்சு காயாது, கரைமண்ணும் இறுகாது. கொத்தனார் ஆவணிக் கடைசிக்குள் முன்பணம் கேட்டிருக்கிறார். ஆகும் செலவு 2,51,500. கையில் இருப்பது 1,63,000.

உத்திரமேரூர் வட்டத்துக்காரர்களான நமக்கு ஏரிக் குழு புதிதல்ல. பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. குடவோலை எடுத்து ஏரி வாரியத்துக்கு 6 பேரைத் தேர்ந்தார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வரக் கூடாது என்று கல்லிலேயே எழுதி வைத்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் அப்படி ஏரி காத்த மண் இது. ஏரி நிரம்பினால் கங்கையம்மனுக்குப் பொங்கல் வைக்க இன்றும் தவறுவதில்லை. ஆனால் மதகு எப்படி வேலை செய்கிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் விழிக்கிறது. அது பிள்ளையின் குற்றமா?

இந்தக் குறையைப் போக்கத்தான் நம் பள்ளியும் இலங்கையின் வவுனியா மாவட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றும் சேர்ந்து ஏரிப் பாடம் நடத்துகின்றன. நாம் மதகு என்பதை அங்கே துருசு என்கிறார்கள். மிகுநீர் வழியும் இடம் நமக்குக் கலங்கல், அவர்களுக்கு வான்; ஏரி நிரம்பி வழிந்தால் "குளம் வான் பாயுது" என்பார்கள். அங்கே குளங்கள் ஒன்றில் மிஞ்சி வழியும் நீர் அடுத்ததற்குப் போகும்படி தொடராக அமைந்தவை. இலங்கை வறண்ட பகுதியின் இந்த அடுக்குக் குள முறையை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2017இல் வேளாண் மரபுச் செல்வமாக ஏற்றது. நம் ஏரிகளும் அதே போலச் சங்கிலியாகத்தான் கிடக்கின்றன. மேல் ஏரியின் வரத்துக்கால் அடைபட்டால் கீழ் ஏரி காயும். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் இதை வரைபடத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கிறார்கள்.

மாதிரித் தொட்டி 8 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழம். சுமார் 2,700 லிட்டர் பிடிக்கும். இரண்டு குத்துக்கல், நடுவே ஏற்றி இறக்கும் கம்பு, கம்பின் நுனியில் அடைப்பான், அடியில் துளையிட்ட பலகைக்கல். துளைக்கு மேல் நீர்மட்டம் 1 மீட்டர் இருந்தால் தண்ணீர் நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் பாயும். 4 மீட்டர் இருந்தால் 8.9. அடங்காத அந்த வேகம் கரையின் அடிமண்ணை அரித்துவிடும். நம் முன்னோர் துளையைச் சிறிதாக்கி அடைப்பான் வைத்தார்கள்; இலங்கையின் பழைய குளங்களில் 'பிசோகொட்டுவ' என்ற கல்கிணற்றில் தண்ணீரை வாங்கி வேகத்தைக் கொன்றார்கள். வவுனியாவில் அந்த மாதிரியை அவர்கள் கட்டுகிறார்கள், இங்கே இதை நாம் கட்டுகிறோம்.

போன முறை தகரத் தொட்டியில் செய்த சோதனை மாதிரி இரண்டே நாளில் கசிந்தது. வழவழப்பான பிவிசி குழாயை ஒட்டித் தண்ணீர் வழி கண்டுகொண்டதுதான் காரணம். இம்முறை குழாயைச் சுற்றி மூன்று சிமெண்ட் வளையம் போட்டு, களிமண்ணை அரையடிக்கு ஒரு தடவை ஈரத்தோடு திமிசு போடுகிறோம். செலவு கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொட்டி, கல், கூலி 1,38,000. இரு பள்ளிக்கும் கையேடு 600 பிரதி 54,000. ஏரிக்கரையில் 400 பனை விதை நடவு, முள்வேலி, இரண்டு கோடைக்குக் காவல் 32,000. மதகுத் தூணில் தேய்ந்துவரும் எழுத்தை முறையாகப் படி எடுக்க 18,000. மழைமானி, அளவுக்கம்பம் 9,500. பனை விதைக்குக் காசில்லை. விழுந்த பழத்தைப் பிள்ளைகளே பொறுக்குகிறார்கள். முளை முதலில் கீழ்நோக்கி இறங்கும் என்பதால் பையில் வளர்த்துப் பெயர்த்து நட முடியாது. கரையின் வெளியடியில் 10 அடிக்கு ஒன்றாக நேரே ஊன்ற வேண்டும். விமானப் பயணத்துக்கு இதில் ஒரு ரூபாயும் இல்லை. சந்திப்பெல்லாம் வாட்ஸ்அப் வீடியோவில்தான்.

இதுவரை கொடுத்தவர்களை நன்றியோடு நினைக்கிறோம். இரண்டு குத்துக்கல்லையும் தன் பழைய களத்திலிருந்து வண்டி வைத்து அனுப்பிய கீழத்தெருப் பெரியவர். சீட்டுப் பணத்திலிருந்து 11,000 எடுத்துக் கொடுத்த மகளிர் குழு அக்காமார். முதல் மாத ஓய்வூதியத்தை உறையோடு தந்த ஐயா. உண்டியலில் 2,340 சேர்த்த ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள். அந்தச் சில்லறையை எண்ணி முடிக்க ஒரு மாலை ஆனது. உங்கள் குடும்பங்கள் தழைக்க அம்மனை வேண்டுகிறோம்.

சொல்ல வருத்தமாக இருக்கிறது: இந்த ஏரியில் பாசனம் உள்ள 140 பட்டாதாரர்களில் 88 பேர் இன்னும் எதுவும் தரவில்லை. கும்பாபிஷேகத்துக்கு வீட்டுவரி போட்டபோது ஒரு வீடுகூட நிற்காத ஊர் இது. அந்த 88 பேரும் ஆளுக்கு 1,000 கொடுத்தால் பாக்கி 500தான். பணம் முடியாதவர்கள் ஒரு நாள் களிமண் மிதிக்க வாருங்கள். அதையும் வரவாகவே எழுதுவோம்.

வெளிநாட்டில் இருப்போர் கவனிக்க: இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் நாங்கள் வாங்க இயலாது. வெளிநாட்டு நிதிக்கான பதிவு நம் குழுவுக்கு இல்லை. அவர்கள் வவுனியாப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்குக் கொடுத்தால் அங்குள்ள தொட்டிக்கு ஆகும்.

பள்ளி அலுவலகத்தில் கட்டி உடனே ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள். வரவு செலவு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பள்ளி வாசல் பலகையில் ஒட்டப்படும். ஆவணி 30 கடைசி நாள்.

இப்படிக்கு,
ஏரிப் பாடக் குழு