அப்டேட் போட்டாலும் பழைய கர்னல்தான் ஓடுகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தொண்டி முதல் ராமேசுவரம் வரை கல்லூரி லேப்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் லினக்ஸ் வைத்திருப்போர், "லினக்ஸுக்கு வைரஸே வராது" என்று கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

2022 மார்ச் 7 அன்று மென்பொருள் நிபுணர் மாக்ஸ் கெல்லர்மன் வெளியிட்ட 'டர்ட்டி பைப்' என்ற பாதுகாப்பு ஓட்டையைப் பாருங்கள். டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்த கோப்பை 4,096 பைட் பக்கங்களாக மெமரியில் வைத்துக்கொண்டு, எல்லா புரோகிராமுக்கும் அதையே கர்னல் கொடுக்கும். ஸ்ப்ளைஸ் என்ற வசதி அந்தப் பக்கத்தை நகலெடுக்காமல் அப்படியே பைப்பில் (ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு செல்லும் குழாய்) கோத்துவிடும். "இதன்மேல் தொடர்ந்து எழுதலாம்" என்ற பழைய கொடியை அங்கே துடைக்காமல் விட்டிருந்தார்கள். தவறு அவ்வளவுதான். படிக்க மட்டும் அனுமதி உள்ள மாணவர்கூட பயனர் பட்டியல் கோப்பின் மெமரிப் பிரதியை மாற்றி ரூட், அதாவது கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள பயனர், ஆகிவிடலாம். பக்கத்தின் முதல் பைட்டைத் தொட முடியாது, கோப்பை நீட்டவும் முடியாது. அதெல்லாம் சின்ன ஆறுதல். பக்கம் மாறியது கர்னலுக்கே தெரியாததால் பெரும்பாலும் டிஸ்கில் எதுவும் எழுதப்படாது. ரீபூட் செய்துவிட்டுத் தேடினால் தடயம் கிடைப்பது அரிது.

5.8 முதல் வந்த கர்னல்களில் இந்த ஓட்டை உண்டு, 5.10.102, 5.15.25, 5.16.11 ஆகியவற்றில் அடைத்தார்கள். ஆண்ட்ராய்டு போனிலும் லினக்ஸ் கர்னல்தான்: 4.19 ஓடும் பழைய போன் தப்பியது, 5.10 கர்னலோடு வந்த புது மாடல்கள் மாட்டிக்கொண்டன! டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 11-ஆம் பதிப்பில் 5.10.92-2 பேக்கேஜிலேயே திருத்தம் சேர்ந்துவிட்டது. எண் சிறியதே என்று பதற வேண்டாம். அதில் யூநேம் கட்டளைக்கு ஹைபன் ஆர் கொடுத்தால் 5.10.0 என்றே தொடங்கும். ஹைபன் வி கொடுத்தால்தான் ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் உண்மையான பேக்கேஜ் எண் தெரியும்.

பலர் சறுக்குவது இங்கேதான். டெபியனில் அப்டேட் போடும் 'ஆப்ட்-கெட் அப்கிரேட்' கட்டளை, புதிய பெயரில் வரும் கர்னலை நிறுவாமல் நிறுத்தி வைத்துவிடும். 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' கொடுக்க வேண்டும். பூட் பார்ட்டிஷன் (கர்னல் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதி) தனியாகச் சிறிதாக இருந்தால் பழைய கர்னல்களால் நிரம்பி நிறுவல் பாதியில் நிற்கும்; முதலில் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' போட்டு இடம் செய்யுங்கள். எல்லாம் முடிந்தாலும் ரீபூட் செய்யும்வரை ஓடுவது பழைய கர்னலே. தினமும் ஷட்டவுன் ஆகும் கடைக் கணினிக்கு இந்தக் கவலை குறைவு. மாதக்கணக்கில் அணையாமல் ஓடும் லேப் சர்வருக்குத்தான் ஆபத்து.

காற்றடித்தால் கரண்ட் போகும் ஊர் நம்முடையது. யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். நடுவில் அணைந்துவிட்டால் 'டிபிகேஜி' கட்டளையோடு இரட்டை ஹைபன் கான்ஃபிகர், ஹைபன் ஏ கொடுத்து விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர்,
மண்டபம்.