எந்த முடிச்சானாலும் நிற்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வீடு மாற்றுவோருக்கான குறிப்புகளில், "கயிறு எட்டாவிட்டால் இன்னொரு கயிற்றை முடிந்துகொள்ளுங்கள்; எந்த முடிச்சானாலும் இறுக்கிப் போட்டால் நிற்கும்" என்று வெளியிட்டிருந்தீர்கள். நான் 26 வருடம் லாரியில் லோடு கட்டியவன். அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

இறுக்கம் மட்டும் முடிச்சை நிறுத்தாது ஐயா. கயிறு போகிற வழி சரியாக இருக்க வேண்டும். இடது நுனியை வலதின் மேல் போட்டு ஒரு மடக்கு, அடுத்து வலதை இடதின் மேல் போட்டு இன்னொரு மடக்கு. சாரணர்களுக்குச் சொல்லித்தருகிற ரீஃப் நாட் இதுதான். நுனிகள் அந்தந்தக் கயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். இரண்டு தடவையும் இடதையே மேலே போட்டால் நுனிகள் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும், இழுக்க இழுக்க நழுவும். நீங்கள் போட்ட படம் இந்த இரண்டாவது வகை. ஷூ லேஸ் அடிக்கடி அவிழ்கிறவர்கள் குனிந்து பார்க்கட்டும். வளையங்கள் பாதத்துக்குக் குறுக்கே படுக்காமல் விரல் பக்கமும் குதிகால் பக்கமும் திரும்பியிருந்தால் அங்கேயும் இதே தப்புதான்.

சரி, ஒழுங்கான ரீஃப் நாட்டே போட்டாலும், பாரம் தாங்கும் இரண்டு கயிறுகளை அதை வைத்து இணைக்கக் கூடாது. பொட்டலத்துக்கும் காயக்கட்டுக்கும் அது போதும். ஒரு நுனியை மட்டும் சுண்டி இழுத்தால் புரண்டு உருவிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடிக் கயிற்றையும் மெல்லிய நைலான் கயிற்றையும் அப்படித்தான் முடிந்தேன். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முடிச்சு உருவி, பீரோ சாய்ந்தது. தாங்கிப் பிடிக்கப் போய் என் சுட்டுவிரல் நசுங்கியது. இன்றும் அது முழுதாக மடங்காது. அதற்கப்புறம் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார்: தடிக் கயிற்றைக் கொக்கிபோல் மடக்கு, மெல்லியதை மடிப்புக்குள்ளிருந்து மேலே எடு, மடிப்பை முழுக்கச் சுற்று, தன் அடியிலேயே செருகு. பாரம் ஏற ஏற அது பிடிக்கும். பாரம் போனதும் விரலாலேயே தளர்த்தலாம்.

இது முதல் தடவையும் இல்லை. கப்பல் "மணிக்கு 20 நாட் வேகத்தில்" போனதாக முன்பு எழுதினீர்கள். நாட் என்றாலே மணிக்கு 1.852 கிலோமீட்டர்தான், முன்னால் இன்னொரு 'மணிக்கு' எதற்கு? முடிச்சுகள் போட்ட கயிற்றைக் கப்பலின் பின்னால் ஓடவிட்டு, மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்தது என்று எண்ணியதால் வந்த பெயர் அது. கடிதம் போட்டேன், பதில் இல்லை. அப்புறம் ஒரு துப்பறிவாளரைப் பாராட்டி 'முடிச்சவிழ்க்கி' என்று தலைப்பு வைத்தீர்கள். மடியில் முடிந்த காசை அவிழ்த்துத் திருடுகிறவனுக்குத் தமிழில் உள்ள பெயர் அது என்பது தாங்கள் அறியாததா? ஏர் பூட்டினார்கள் என்று வர வேண்டிய இடத்தில் "மாடுகளை ஏருடன் இணைத்தனர்" என்று வந்தபோதும் மனம் வருந்தியதோடு நிறுத்திக்கொண்டேன். கூந்தலை முடிகிறோம், பூவைத் தொடுக்கிறோம், மாட்டைக் கட்டுகிறோம், ஏரைப் பூட்டுகிறோம். இத்தனை சொற்கள் கையில் இருக்க, எல்லாவற்றுக்கும் 'இணைத்தல்' ஒன்றே போதும் என்று எப்படித் தோன்றியது?

சொற்பிழையில் யாருக்கும் விரல் போகாது. முடிச்சில் போகும். அடுத்த இதழில் அந்தப் படத்தைத் திருத்தி, இரண்டு கயிறுகளை இணைக்கும் முறையையும் சேர்த்து, ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகவாவது போடும்படி கேட்டுக்கொள்கிறேன். படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்