பங்காளி மரங்கள்

ஃபிக்ஸ்பர்க், ஃப்ரீ ஸ்டேட், தென்னாப்பிரிக்கா
அக்டோபர் 19

அன்புள்ள பெருமாள்,

உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. முழங்கால் பரவாயில்லை, சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது, சரோஜா நலம். பேரன் இந்த வருஷம் மெட்ரிக் எழுதுகிறான் என்று எழுதியிருந்தாய். கணக்கில் மட்டும் தாத்தாவைக் கொள்ளாமல் இருக்கட்டும்.

விஷயம் என்னவென்றால், செர்ரி காய்த்துவிட்டது. சிரிக்காதே. "இந்தியன் குடியிருக்கவே கூடாதென்று 1891-ல் சட்டம் போட்ட மாகாணத்தில் போய், காய்க்காத மரத்துக்குக் காவல் இருக்கிறாயே" என்று போனில் கேட்டாய் அல்லவா, அதே மரங்கள்தான். இன்று காலை ஒரு கிளையில் மட்டும் எண்ணினேன். நாற்பத்தொன்று. பட்டாணி அளவில், பச்சை மணிகளாக.

நாலு வருஷமாகச் செப்டம்பரில் கிளை தெரியாமல் பூக்கும். பிறகு ஒன்றும் இருக்காது. முதல் வருஷம் உறைபனி என்றேன். அடுத்த வருஷம் ஆலங்கட்டி. அப்புறம் தேனீ வரவில்லை, குருவி தின்றுவிட்டது. நாற்று விற்றவர் "ஒரே வகையாக வைக்காதீர்கள், கலந்து வைத்தால் ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுக்கும்" என்றார். அவர் பேச்சைக் கேட்டு பிங் நாலு, லாம்பர்ட் மூன்று, நெப்போலியன் மூன்று என்று வாங்கி நட்டிருந்தேன். வேறென்ன செய்ய?

ஜூனில் ஒரு நாள் கோபத்தில் ரம்பத்தை எடுத்து இரண்டு பிங் மரங்களை வெட்டினேன். வெட்டும்போது "மலட்டு மரம்" என்று சொல்லிவிட்டேன், சத்தமாக. சரோஜா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

அம்மா அந்தக் காலத்தில் பேசிய பேச்செல்லாம் உனக்குத் தெரியும். சாட்ஸ்வொர்த் வீட்டு வாசலில் அன்றைக்கு நின்றவன் நீதான். அம்மா ஒரு நாளும் சொல்லாமல் விடாத அந்தச் சொல்லை நாற்பது வருஷமாக இந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. என் வாயிலிருந்தே வந்தது. உனக்கு எழுதாமல் இருந்ததற்கு இதுதான் காரணம், முழங்கால் இல்லை.

ஜூலை லீவுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரரின் பேத்தி வந்தாள். பக்கம் என்றால் மலைக்கு அந்தப் பக்கம். ஸ்டெல்லன்போஷில் தோட்டக்கலை படிக்கிறாள். ஆப்பிரிகான்ஸ் முறைப்படி என்னை 'ஊம்', அதாவது மாமா, என்று கூப்பிடுவாள். கதை கேட்கிறவன் போடும் 'ஊம்' மாதிரியே இருக்கும், எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. மரங்களில் தொங்கிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தவள், "ஊம், இவர்கள் எல்லாம் ஒரே குடும்பம்" என்றாள்.

நம் டோங்காட் கல்யாணம் ஞாபகம் வருகிறதா? பந்தலில் கிழவி எழுந்து "ஐயோ, பங்காளி வீடு!" என்று கத்தினாளே, அதேதான். செர்ரி மரத்தில் எஸ் என்று ஒரு ஜீன், ஒவ்வொரு மரத்திலும் அதன் இரண்டு வடிவங்கள். அவற்றுக்கு எண் போட்டிருக்கிறார்கள். ஒரு மகரந்தத்தூளில் அந்த இரண்டில் ஒன்றுதான் போகும். அதே எண் பூவின் சூல்தண்டிலும் இருந்தால் அங்கே சுரக்கும் ஒரு நொதி மகரந்தக் குழலைப் பாதி வழியில் சாகடித்துவிடும். தன் மகரந்தம் தனக்கே ஆகாது என்பதற்காக மரம் வைத்திருக்கும் காவல் அது. பிங் 3, 4. லாம்பர்ட் 3, 4. நெப்போலியனும் 3, 4! தேனீக்கள் பாவம், நாலு வருஷம் முறை தெரியாமல் தூது போயிருக்கின்றன.

"அப்படியானால் மரத்தில் குறை ஏதும் இல்லையா?" என்று சரோஜா சமையலறை வாசலிலிருந்து கேட்டாள். எந்த மரத்திலும் குறையில்லை ஆன்ட்டி, சேர்க்கைதான் சரியில்லை என்றாள் அந்தப் பெண். சரோஜா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னாள். நான் காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் அவள் தாத்தாவின் ஸ்டெல்லா மரத்திலிருந்து பூத்த கிளைகளை வெட்டி வந்து, பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி என் மரங்களுக்கு நடுவே வைத்தோம். ஸ்டெல்லாவின் கதை பெரிது. இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் லூயிஸ் என்பவர் செர்ரி மகரந்தத்துக்கு எக்ஸ்ரே கொடுத்து, அந்தக் காவலில் ஓட்டை விழுந்த நாற்றுகளைத் தேடிப் பிடித்தார். அப்படி வந்த ஒன்றை லாம்பர்ட்டோடு சேர்த்து, கனடாவின் சம்மர்லேண்டில் லாபின்ஸ் 1968-ல் வெளியிட்டதுதான் ஸ்டெல்லா. அதுவும் 3, 4-தான். ஆனால் நாலாம் எண்ணில் மகரந்தப் பக்கத்து ஜீனில் நாலே நாலு டிஎன்ஏ எழுத்து விழுந்துபோனதால் எந்த வீட்டுக் காவலும் அதைத் தடுப்பதில்லை. தனக்குத் தானேயும் காய்க்கும், பிங்குக்கும் கொடுக்கும். நாலு எழுத்து, பெருமாள்! மணியம் வாத்தியார் ஒற்றுப் பிழைக்கே காதைத் திருகுவார்.

பிங் யார் தெரியுமா? 1870களில் அமெரிக்காவின் ஆரிகனில் லூவெலிங் என்பவரின் தோட்டத்தில் வேலை பார்த்த ஆ பிங் என்கிற சீனர். அவர் பெயரைத்தான் முதலாளி மரத்துக்கு வைத்தார். நம் தாத்தாக்கள் வெட்டித் தீர்த்த நேட்டால் கரும்பில் என்கோ 376 என்று ஒரு வகை உண்டு. அதில் 'கோ' என்பது கோயம்புத்தூர். ஊர்ப் பெயருக்கு இடம் கிடைத்தது, எந்த முனுசாமிக்கும் கிடைக்கவில்லை.

இப்போது கவலை குளிர் பற்றித்தான். செர்ரி விழிக்க ஏழு டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் குளிர் வேண்டும். இந்த ஜூலையில் நான் சட்டையோடு வெளியே உட்கார்ந்திருந்தேன். குறைந்த குளிரில் பூக்கும் ஸ்பெயின் வகை கிறிஸ்டோபலினாவை வைத்துக் கலப்பு செய்கிறார்களாம். அது இங்கே வரும்வரை நான் இருக்கிறேனோ என்னவோ.

வெட்டிய இரண்டு அடிமரங்களிலும் தளிர் விட்டிருக்கிறது. அது அடியிலிருக்கும் வேர்க்கட்டையின் தளிர், அதன் மேல் ஒட்டிய பிங் இல்லை. பிப்ரவரியில் அதில் ஸ்டெல்லா மொட்டு வைத்து ஒட்டவேண்டுமாம். யோசனை சரோஜாவுடையது. வலையும் அவள்தான் வாங்கி வந்தாள், குருவிக்கு. நாங்கள் இன்னும் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை.

நவம்பர் கடைசியில் வா. லிச்சி சீசன் தொடங்கவில்லை என்று சாக்குச் சொல்லாதே. வரும்போது உன் வாசல் கறிவேப்பிலையில் ஒரு கன்று தொட்டியோடு எடுத்து வா. போன தடவை கொடுத்தது ஜூன் உறைபனியில் போய்விட்டது. இந்தத் தடவை ஜன்னலுக்கு உள்ளே வைக்கிறேன்.

உன்,
சுப்ரமணி