தாப்பாவ் (கட்டிக் கொண்டுபோகும் சாப்பாடு) டப்பாவை எங்கே போடுவது?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போலிஸ்டிரின் டப்பாவை விட்டு மக்கும் டப்பாவுக்கு மாறியதிலிருந்து கல்லா முன்னால் பலரும் கேட்பது இதுதான்: "இதை எங்கே போட்டாலும் மக்கிவிடும்தானே?" எங்கே போட்டாலும் மக்காது. அதை விளக்கத்தான் இந்த மடல்.

சோறும் மீ கோரேங்கும் கட்டித் தருவது கரும்புச் சக்கை டப்பாவில். கிழித்து, நனைத்து, காய்ந்த இலையோடு வாழையடியில் புதைத்தால் சில மாதங்களில் மண்ணோடு மண்ணாகிவிடும். குழம்பு ஒட்டியிருந்தால் எலி தோண்டும், கழுவிவிட்டுப் புதையுங்கள்.

ஐஸ் தண்ணி தரும் கண்ணாடி போன்ற குவளை வேறு ரகம். கவிழ்த்துப் பாருங்கள், அடியில் முக்கோணத்துக்குள் 7, கூடவே பி.எல்.ஏ. என்ற எழுத்து இருக்கும். சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் ஒரு வகை பிளாஸ்டிக் அது. ஆனால் அது மக்க 60 டிகிரியை ஒட்டிய சூடும் ஈரமும் காற்றும் வாரக்கணக்கில் விடாமல் வேண்டும். செம்பனை மில்லில் காய்க்குலைச் சக்கையைக் குவித்து உரமாக்கும்போது ஆவி பறக்குமே, அந்த மாதிரிச் சூடு. வீட்டுக் கொல்லைக் குழியில் அது நிலைக்காது. இ.என். 13432 என்ற ஐரோப்பிய முத்திரையும், அப்படிப்பட்ட உரக்கூடத்தில் 6 மாதத்துக்குள் 90 விழுக்காடு மக்கும் என்றுதான் சொல்கிறது. நம் சுங்கை சிப்புட்டில் வீட்டுக் குப்பைக்கு அப்படியோர் இடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சரி, குப்பை லாரியில் ஏற்றிவிட்டால்? குப்பைமேட்டின் அடியில் காற்று புகாது. குவளை பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். சக்கை டப்பா அங்கே அழுகினால் மீத்தேன் கிளம்பும், பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு கெட்டது. குவளையை மறுசுழற்சித் தொட்டியிலும் போடாதீர்கள். மினரல் தண்ணி போத்தலோடு பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் கலந்துவிடும். சேர்த்து உருக்கினால் போத்தல் பிளாஸ்டிக்கின் தரம் கெடும். கால்வாயில் வீசினாலும் கரையாது.

ஆகவே பி.எல்.ஏ. குவளை வாங்குவதை நிறுத்துகிறோம். கடையில் குடிப்பவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், கொண்டுபோகிறவர்கள் போத்தல் எடுத்து வாருங்கள். சக்கை டப்பா இருக்கும், ஆனால் சொந்தப் பாத்திரம் கொண்டு வந்தால் 50 சென் குறைவு. புதைக்க இடமில்லாத அடுக்குமாடிக்காரர்கள், கழுவிய டப்பாவைக் கடையிலேயே கொடுத்துவிடலாம். பின்கட்டு உரக்குழியில் நாங்களே சேர்த்துக்கொள்கிறோம்.

காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் இடம்) போகும் வழியில் தூக்குச் சட்டியைப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மதியம் நிரப்பி வைத்திருப்போம். மூடி இறுக்கமாக இருக்கட்டும், சாம்பார் சிந்தாது.

அன்புடன்,
கடை நிர்வாகம்